ஒரு மணிக்கு வந்து சேர்ந்தவர்

அக்கா எந்த ஊருக்கும் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததில்லை. முக்கால் மணி நேரம், சில சமயம் ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே சேர்ந்துவிடுவார். முதலில் தொலைபேசியில் செய்தி சேரும். மோட்டார் சைக்கிளும் அவரும் பின்னால் வருவார்கள்.

இந்தப் பழக்கத்தை நான் முதலில் பார்த்தது போட்டாதாங் படகுத்துறையில். அப்போது யாங்கோனில் ஒரு பர்மிய நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். மழைக்காலத்தில் டெல்டா படகுகள் தாமதமாவது பற்றி இருபது வரிச் செய்தி எழுத வேண்டியிருந்தது. துறையில் சரக்கு அலுவலகத்தின் கம்பி ஜன்னலுக்குப் பின்னால், ஐம்பதை நெருங்கும் ஒரு பெண் கன்னத்தில் தனக்கா மரச்சாந்து பூசிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே கருவாட்டு வியாபாரப் பெண்கள் காலையிலிருந்து தரையில் சோர்ந்து கிடந்தார்கள். திடீரென்று அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "படகு கட்டியாச்சு, எழுந்திருங்க" என்று பர்மிய மொழியில் சொன்னார். பெண்கள் எழுந்தார்கள். குழாயில் முகம் கழுவினார்கள். கூலிக்காரர்கள் சேர்ந்தார்கள். ஆற்றில் படகே இல்லை.

என் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது: அறிவிப்பு 4.10, கயிறு கட்டியது 4.32.

"இருபத்திரண்டு நிமிடம் முன்பே சொல்லிவிட்டீர்களே" என்று பர்மிய மொழியில் கேட்டேன். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தமிழில் பதில் சொன்னார்.

"நம்ம ஆளா? அப்புறம் எதுக்கு பர்மாப் பேச்சு? வந்துக்கிட்டு இருக்குன்னு சொன்னா அவங்க இன்னும் படுத்தே கிடப்பாங்க தம்பி. வந்துடுச்சுன்னா எந்திரிச்சு வரிசையில நிப்பாங்க. அதுக்குள்ள வந்துடும்."

"வரவில்லையென்றால்?"

"வராம எங்க போவும். ஆறு ஒன்னுதானே."

அன்றிலிருந்து அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

யாங்கோன்காரர்களுக்குப் பொதுவாக மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. நகர எல்லைக்குள் அதற்குத் தடை. என் வயதில் உள்ளவர்கள் சைக்கிளிலிருந்து நேராகக் காருக்குப் போனோம், அல்லது சைக்கிளிலேயே நின்றோம். அக்கா டவுங்கூவில் இருந்த சின்னம்மா வீட்டில் வளர்ந்த இரண்டு வருடத்தில் ஓட்டப் பழகியவர். அவருடைய வண்டி, தாய்லாந்து வழியாக வந்த பழைய நூற்றிருபத்தைந்து சிசி வண்டி, ஐம்பது மைல் தள்ளிப் பெகுவில் ஒரு டயர் கடையின் பின்கட்டில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும். மாதத்தில் ஒரு விடுமுறை நாளில் அக்கா ஹெல்மெட்டைக் காய்கறிக் கூடைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் பெகுவுக்குப் போவார். அங்கே வண்டியை எடுத்துப் பழைய நெடுஞ்சாலையில் வடக்கே டவுங்கூவுக்குப் போவார். புதிய அதிவேகச் சாலையில் மோட்டார் சைக்கிளை விடுவதில்லை. ரயில் பாதையை ஒட்டியே போகும் பழைய சாலைதான் அவர் சாலை.

அந்தச் சாலையைப் பற்றி ஒரு ஞாயிறு மலர்க் கட்டுரை எழுத எனக்கு அனுமதி கிடைத்தபோது அக்காவிடம் கேட்டேன்.

"பின்னாடி உக்காந்து வருவீங்களா? ஆம்பளைக்கு வெக்கமா இருக்காதா?"

"செய்திக்கு வெட்கம் கிடையாது அக்கா."

"சரிதான். கால் ரெண்டையும் ஒழுங்கா வச்சுக்கங்க. அது போதும்."

காலை எட்டு இருபதுக்குப் பெகுவிலிருந்து கிளம்பினோம். கிளம்பும் முன் டயர் கடைக்கு எதிரே இருந்த ஆலமரத்தடி நாட் தேவதைக் கோயில் முன்பு வண்டியை மூன்று தடவை முன்னும் பின்னும் உருட்டினார். வண்டி கும்பிடுகிறதாம். பர்மிய ஓட்டுநர்கள் எல்லோரும் செய்வது. பிறகு பையிலிருந்து திருநீற்றை எடுத்து முன்விளக்கின்மேல் பூசினார். டயர் கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "உன் வண்டிக்கு மட்டும் ரெண்டு கடவுள்" என்றார்.

முதல் நாற்பது மைல் இரண்டு பக்கமும் வயல். சாலையோர மூங்கில் தட்டிகளில் தண்ணீர் போத்தல்களில் பெட்ரோல் நிரப்பி அடுக்கியிருந்தார்கள். இடையிடையே புண்ணியத்துக்காக யாரோ வைத்த மண்பானைத் தண்ணீர்ப் பந்தல்கள். அக்கா மணிக்கு முப்பத்தைந்து மைல் வேகத்துக்கு மேல் போகவில்லை. பேசியது குறைவு. ஒரு பாடம் மட்டும் நடத்தினார், நியாங்லேபினுக்கு முன்னால் ஒரு லாரி எங்களை உரசிக்கொண்டு போன பிறகு.

இந்த நாட்டில் வண்டிகள் சாலையின் வலதுபுறம் போகின்றன. கார், பஸ்களில் பெரும்பாலானவை வெளிநாட்டில் ஓடித் தீர்ந்தவை, அவற்றின் ஸ்டியரிங்கும் வலதுபுறமே இருக்கிறது. முந்த நினைக்கும் ஓட்டுநருக்கு எதிர்வரும் சாலை தெரியாது. இடதுபக்கம் உட்கார்ந்திருக்கும் உதவியாள் எட்டிப்பார்த்து, போகலாம் என்று சொல்வான்.

"ஓட்டுறவனைப் பாக்காதீங்க தம்பி. அவனுக்கு ஒன்னும் தெரியாது. பக்கத்துல உக்காந்தவன் மூஞ்சியைப் பாருங்க. அவன் தூங்குறானா, போன் பாக்குறானான்னு. அவன் வாயில வர்ற ஒரு சொல்லை நம்பித்தான் மொத்த வண்டியும் நம்ம மேல வருது."

பகல் பன்னிரண்டரைக்கு மேல் பியூவை அடைந்தோம். ஊருக்கு வெளியே ஒரு வாகை மரத்தடியில் ஆறு பானைகள் கொண்ட தண்ணீர்ப் பந்தல். அக்கா வண்டியை நிறுத்தினார். பானைத் தண்ணீரில் முகம் கழுவி, தனக்காவை இன்னொரு முறை பூசிக்கொண்டார். மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார். பன்னிரண்டு ஐம்பது. தொலைபேசியை எடுத்து, லாரி ஒன்று கடந்து போகும்வரை காத்திருந்து, எண்ணை அழுத்தினார்.

"அப்பா, வந்து சேந்துட்டேன். ஆமா, இப்பத்தான். சின்னம்மா வீட்டு வாசல்ல நிக்கிறேன். இல்ல, மழை இல்ல. வெயிலு. சின்னம்மா உள்ள அடுப்புல இருக்கு, அப்புறமா பேசும். நீங்க மாத்திரை போட்டாச்சா? அப்ப சாப்பிடுங்க. வச்சுடறேன்."

டவுங்கூ இன்னும் முப்பத்துமூன்று மைல்.

எனக்கு அது பிடிக்கவில்லை. பத்திரிகையில் என் பொறுப்புகளில் ஒன்று திருத்தம் எழுதுவது. நேற்றைய இதழில் வந்த தவறு எதுவானாலும், ஒரு பெயரின் எழுத்தாக இருந்தாலும், மறுநாள் இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் போட வேண்டும். பொய் என்றே சொல்லிவிட்டேன்.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. "உங்க பேப்பர்ல நாளைக்கு நடக்கப்போற கல்யாணத்தை இன்னைக்கே போடுறதில்லையா?"

"நடக்கும் என்று போடுவோம். நடந்தது என்று போடமாட்டோம்."

"அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். "ஒரு மணி நேரத்துல அது நெசமாயிடும். நான் ஓட்டி நெசமாக்கிடுவேன்."

பிறகு பானையின் மூடியைச் சரிசெய்துகொண்டே சொன்னார். அப்பா ரயிலில் கார்டாக இருந்தவர். இதே பாதையில்தான் ஓடினார். ரயில்கள் ஐந்து மணி, ஆறு மணி நேரம் பிந்தும். அம்மா சோற்றைப் போட்டு, இன்னொரு தட்டால் மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அவர் வந்து சேராமல் சாப்பிட மாட்டார். "பசியில அம்மாவுக்குக் கை நடுங்கும். நான் சின்னப் புள்ள. பக்கத்துல உக்காந்து பாப்பேன். யாராவது ஒருத்தர் வந்து, வந்துட்டாரும்மான்னு ஒரு வார்த்தை சொன்னா சாப்பிட்டிருக்கும்ல. எவனும் சொல்லல. இப்ப அம்மா இல்ல. அந்த வேலையை அப்பா எடுத்துக்கிட்டாரு. நான் சேந்தேன்னு தெரியாம சோத்துல கை வைக்க மாட்டாரு. சக்கரை மாத்திரையைப் போட்டுட்டு உக்காந்திருப்பாரு. மயங்கி விழுந்தா யாரு தூக்குறது?"

ஒன்று ஐம்பத்தைந்துக்குச் சின்னம்மா வீட்டு வாசலில் நின்றோம். வெயில் அடித்தது. சின்னம்மா உள்ளே அடுப்பில் இருந்தார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "திருத்தம் ஏதாச்சும் உண்டா?" என்றார்.

கட்டுரையில் நான் சேர்ந்த நேரத்தைச் சரியாகவே எழுதினேன். நல்லவேளையாக அவருடைய அப்பா பர்மியப் பத்திரிகை படிப்பதில்லை.

அந்த அப்பாவை அடுத்த மாதம் பார்த்தேன். யாங்கோனைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் போய் இன்சீனில் இறங்கி, பழைய ரயில்வே பட்டறைச் சுவரை ஒட்டி நடந்தால் ஏழாவது வீடு. எண்பத்திரண்டு வயது. கார்டின் சட்டைபோல இரண்டு பக்கமும் பை வைத்த வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி. வாசலைப் பார்த்தபடி ஒரு பிரம்பு நாற்காலி. என்னை உட்காரச் சொல்லிவிட்டு விசாரணையைத் தொடங்கினார்.

"நீங்கதான் பின்னாடி போனீங்களா? பியூ எத்தனை மணிக்குத் தாண்டினீங்க?"

அக்கா சமையலறையிலிருந்து என்னைப் பார்த்தார்.

"நினைவில்லை ஐயா."

"பேப்பர்காரருக்கு நேரம் நினைவில்லையா. நல்ல பேப்பருதான்." மகளின் பக்கம் கை காட்டினார். "எங்க காலத்துல எந்த வண்டியும் நேரத்துக்கு வந்ததில்ல தம்பி. இவ ஒருத்திதான் ஒரு மணின்னா ஒரு மணி. ரயில்வேயில இருந்திருக்க வேண்டியவ."

அக்கா சாம்பாரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

அவருடைய இந்த வழக்கம் படகோடும் சாலையோடும் நிற்கவில்லை. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் பூக்கூடை வந்துவிட்டது என்று பூசாரியிடம் சொல்லிவிட்டுத்தான் லான்மடாவ் பூக்கடைக்குக் கிளம்புவார். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், உன் மகன் தேறிவிட்டான் என்று தேர்வு முடிவு வருவதற்கு இரண்டு நாள் முன்பே சொல்லி இனிப்பு வாங்கிக்கொண்டார். பையன் தேறினான். என் பத்திரிகை நின்றுபோன ஆண்டில் நான் ஐந்து மாதம் வீட்டில் இருந்தேன். என் மனைவி பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். ஒரு நாள் வெளியே போய்விட்டு வந்தால் வீட்டில் மீன்குழம்பு மணக்கிறது. அக்கா வந்து, எனக்கு மொழிபெயர்ப்பு வேலை கிடைத்துவிட்டதாகச் சொல்லிப் போயிருந்தார். நான் அப்படி எந்த வேலைக்கும் விண்ணப்பிக்கவேயில்லை. கோபமாகப் போட்டாதாங்குக்குப் போய்க் கேட்டேன்.

"கெய்சா மஷிபூ" என்றார். ஒன்றும் பிரச்சினை இல்லை என்பதைப் பர்மாவில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். "வீட்டுல நிம்மதியா ஒரு வாரம் தூங்குவாங்கல்ல. அதுக்குள்ள நீங்க ஒன்னு தேடிக்கங்க."

பத்தொன்பதாம் நாள் கிடைத்தது. மொழிபெயர்ப்பு வேலைதான்.

அன்றிலிருந்து என் எதிர்ப்பு குறைந்தது என்று சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை அக்கா சொன்ன எதுவும் நடக்காமல் போனதில்லை. சொன்னதை நடத்திக் காட்டுவது அவருக்கு ஒரு வேலை, அதற்காக வேகமாக நடந்தார், முன்னதாக எழுந்தார், வண்டியைத் தானே துடைத்து எண்ணெய் விட்டார். இதெல்லாம் ஒரு நாள் அவரை மீறிப் போகலாம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

பிறகு நாட்டில் சண்டை வந்து சாலைகள் மாறின. நூறு மைலுக்குள் ஏழெட்டு இடத்தில் மணல் மூட்டைகள் அடுக்கிய சோதனைச் சாவடிகள் வந்தன. கேட் என்பார்கள். ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். சில ஊர்களில் வாரக்கணக்கில் தொலைபேசி வேலை செய்வதில்லை. நான் போகவேண்டாம் என்றேன். அக்கா மாதம் ஒரு தடவை என்பதை மூன்று மாதத்துக்கு ஒன்றாகக் குறைத்தார். விட்டுவிடவில்லை.

"எட்டு மணி நேரம் கம்பி ஜன்னலுக்குள்ள உக்காந்திருக்கேன் தம்பி. வீட்டுக்குப் போனா அப்பா நாற்காலி. நடுவுல எனக்குன்னு ரோடு மட்டும்தான் இருக்கு."

கடைசியாக அவர் கிளம்பியது சின்னம்மா மகன் வீட்டில் நடந்த காதுகுத்துக்கு. மறுநாள் விழா. நான் போகவில்லை. ஒரு மருந்து நிறுவனத்தின் துண்டறிக்கையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு ஐந்துக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது. பியூவில் ஒரு தேநீர்க் கடையின் வைஃபையிலிருந்து அனுப்பியிருந்தார். "இங்க பியூவுல லைன் இல்ல தம்பி. மழை தூறுது. இப்ப கெளம்புறேன். ஒரு மணிக்கு அப்பாவுக்குப் போன் போட்டு நான் சேந்துட்டேன்னு சொல்லிடுங்க. சாப்பிடட்டும்."

சரி என்று பதில் போட்டேன். அது அவருக்குப் போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் இன்றுவரை வரவில்லை.

சரியாக ஒரு மணிக்கு இன்சீனுக்குப் பேசினேன்.

"ஐயா, அக்கா சேர்ந்துட்டாங்க. அங்கே லைன் சரியில்லை, அதனால் என்கிட்ட சொல்லச் சொன்னாங்க."

"நீ பேசினியா அவகிட்ட?"

"பேசினேன் ஐயா."

"மழையா அங்க?"

"தூறுதாம்."

பிறகு, "எனக்குக் காலையிலேர்ந்து கொஞ்சம் தலை சுத்துது தம்பி. அவகிட்ட சொல்லிடாதே. திரும்பி வந்துடுவா" என்றார். நான் சொல்லமாட்டேன் என்றேன். தட்டு நகரும் சத்தம் கேட்டது. வைத்துவிட்டேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி எனக்கு இருந்தது. அதையும் எழுதியாக வேண்டும்.

மற்றவை நான் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டவை. பியூவுக்கு வடக்கே நான்காவது மைலில், பன்னிரண்டு இருபதுக்கும் பன்னிரண்டரைக்கும் இடையில், மழையில் ஒரு லாரியை முந்த ஒரு பஸ் இடதுபக்கம் ஏறியது. உதவியாள் போகலாம் என்று சொல்லியிருக்கிறான். அக்கா எதிரே வந்துகொண்டிருந்தார். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் அவரைத் தூக்கிப் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். தொலைபேசி உடைந்து தண்ணீரில் கிடந்தது. வண்டியின் காகிதங்கள் பழைய சொந்தக்காரர் பெயரில், மண்டலே முகவரியில் இருந்தன. கைப்பை மறுநாள்தான் கிடைத்தது. யார் என்று தெரியவில்லை. யாராவது தேடி வருவார்கள் என்று அங்கே இருந்தவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டவுங்கூவில் சின்னம்மா மகன் மூன்று மணிக்கு இன்சீனுக்குப் போன் செய்தார். அக்கா இன்னும் வரவில்லையே, அங்கிருந்து கிளம்பினாரா என்று கேட்டார். அப்பா சிரித்தார். "ஒரு மணிக்கே சேந்துட்டாளே. தம்பி பேசினாரு. கோயில் பக்கம் போயிருப்பா, வந்துடுவா." மகன் அதை நம்பி விழாப் பந்தல் வேலையைப் பார்க்கப் போனார். விளக்கு வைத்த பிறகுதான் தேடிக் கிளம்பினார்.

அக்காவுக்கு நான்கு ஐம்பது வரை உயிர் இருந்தது.

பக்கத்தில் இருந்த நர்ஸிடம் பேசினேன். முன்பே யாராவது வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. "யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். "நாங்க என்ன சொல்லிக் கூப்பிடுறதுன்னு தெரியல."

இறுதிச் சடங்கு டவுங்கூவிலேயே நடந்தது. அப்பாவைக் காரில் கொண்டுபோனார்கள், நானும் கூடப் போனேன். போகும் வழியில் நான்காவது மைலில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். ரயில் பாதையைப் பார்த்தார், மைல் கல்லைப் பார்த்தார். சாலையின் இரண்டு திசையையும் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"ஒரு மணிக்கு டவுங்கூ போய்ச் சேந்தவ, எதுக்குத் தம்பி இங்க திரும்பி வந்தா?"

விபத்து எத்தனை மணிக்கு என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவரே சொன்னார்.

"நான் தலை சுத்துதுன்னு சொன்னதை அவகிட்ட சொல்லிட்டீல்ல?"

"சொல்லவில்லை ஐயா."

என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நம்பவில்லை. "பரவாயில்ல. நான்தான் சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

அதன்பிறகு வந்தவர்களிடமெல்லாம் இதையே சொன்னார். பால் கொண்டுவரும் பெண்ணிடம், கோயில் தர்மகர்த்தாவிடம், பழைய ரயில்வே ஆட்களிடம். என் மகள் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அங்கேயே இருந்திருப்பாள். என்னைப் பார்க்கத் திரும்பி வந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் நான் வட்ட ரயிலில் இன்சீனுக்குப் போய் எதிரே உட்கார்ந்து இதைக் கேட்டேன். நான் ஒரு தடவை சொன்ன உண்மையை அவர் நம்பவில்லை. பொய்யைப் பிடித்துக்கொண்டு, அதற்குள் தன்னைக் குற்றவாளியாக நிறுத்திக்கொண்டார். அவரை வெளியே கொண்டுவர என்னிடம் இரண்டு வரிச் செய்தி இருந்தது. ஆனால் அதைச் சொன்னால், ஒரு மணின்னா ஒரு மணி என்று அவர் பெருமைப்பட்ட மகளும் போய்விடுவாள். ஒன்பது வாரம் இப்படிக் கணக்குப் போட்டேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் ஆசையும் அதில் இருந்தது.

பத்தாவது ஞாயிறு நான் போனபோது மணி பன்னிரண்டு நாற்பது. பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண் சோறும் கீரைக்குழம்பும் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவர் மாத்திரையை விழுங்கிவிட்டுத் தட்டை மடிக்கு அருகே இழுத்துக்கொண்டார். அக்கா போன பிறகு ஒரு வேளையும் அவர் சாப்பாட்டைத் தள்ளவில்லை. மூடிவைக்க இனி யாருக்காக என்று கேட்டிருந்தார்.

"அவ எதுக்குத் திரும்பினா, தெரியுமா தம்பி" என்று ஆரம்பித்தார்.

நான் தொலைபேசியை எடுத்து அந்தச் செய்தியை வாசித்தேன். கீழே இருந்த நேரத்தையும் சேர்த்து வாசித்தேன்.

அவர் கை சோற்றின்மேல் நின்றது. உதடு மட்டும் அசைந்தது.

"பியூ, பன்னெண்டு அஞ்சு. அங்கேர்ந்து டவுங்கூ முப்பத்துமூணு மைலு. மழை வேற. ஒன்னேகால் மணி நேரமாவது ஆவும்." நிமிர்ந்தார். "அப்ப ஒரு மணிக்கு எப்படிச் சேந்தா?"

"சேரவில்லை ஐயா. நான் சொன்னது பொய். நான் அவங்களோட பேசவேயில்லை. உங்களுக்குத் தலைசுற்றல் என்பது அவங்களுக்குத் தெரியாது."

"அப்ப வடக்க பாத்துத்தான் போயிட்டிருந்தா."

"ஆமாம் ஐயா."

"என்னைத் தேடி வரல."

"இல்லை."

பெருமூச்சு விட்டார். பத்து வாரமாக இறுகியிருந்த முகம் கொஞ்சம் தளர்ந்ததை நான் பார்த்தேன். சரியான காரியம் செய்துவிட்டேன் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

"மத்த தடவையெல்லாம்?" என்றார்.

"ஒவ்வொரு தடவையும் போய்ச் சேர்ந்தாங்க ஐயா. நான் ஒரு தடவை கூடவே இருந்தேன். சொன்னதைவிடக் கொஞ்சம் பிந்திச் சேருவாங்க, அவ்வளவுதான்."

"நான் சாப்பிடணும்னா?"

"ஆமாம்."

தலையை ஆட்டினார். சோற்றில் இருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தட்டின் விளிம்பில் வழித்தார். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய், இன்னொரு எனாமல் தட்டை எடுத்துவந்தார். அதைக் கவிழ்த்துச் சோற்றை மூடினார்.

"மாத்திரை போட்டுட்டீங்க ஐயா. சாப்பிடணும்."

"அவ இன்னும் வந்து சேரலைன்னு சொன்னியே தம்பி" என்றார்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்தார். மணி ஒன்று ஐந்து.